விளக்கை ஒளித்து வைத்தவர்

நான் வேலை செய்யும் உணவகம் பரிஸ் நகரின் தெற்கில், போர்-றொயால் சந்தியிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிறது. சமையலறையைக் கழுவித் துடைத்து, குப்பைப் பைகளைக் கட்டி வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தும்போது பெரும்பாலான நாட்களில் ஒரு மணியாகிவிடும். கடைசி ரயில் போயிருக்கும். இரவுப் பேருந்துக்கு நடக்கிற வழியில், வாளை உயர்த்திப் பிடித்தபடி, வாயைத் திறந்து எதையோ கத்துகிற பாவனையில் நிற்கும் ஒரு வெண்கலச் சிலையை நான் கடந்தாக வேண்டும். அது நெப்போலியனின் தளபதிகளுள் ஒருவரான மார்ஷல் நேயின் சிலை என்பதும், 1815 டிசம்பரில் அவரை இந்த இடத்துக்கு அருகில்தான் நிறுத்திச் சுட்டார்கள் என்பதும், சிலையை 1853இல் வைத்தார்கள் என்பதும் எனக்குப் பின்னாளில் தெரிந்த விடயங்கள். நான்கு வருடங்களாக அது எனக்குப் பேருந்து நிறுத்தத்துக்கான அடையாளமாக மட்டுமே இருந்தது.

ஒரு விடுமுறை நாளில், சேன் நதிக்கரையில் பச்சைப் பெட்டிகளைத் திறந்து வைத்துப் பழைய புத்தகம் விற்கிறவர்களிடம் அஞ்சலட்டைகளைக் கிளறிக்கொண்டிருந்தபோது, அந்தச் சிலை என் கைக்கு வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். அடர்ந்த மூடுபனி. சிலை ஒரு கரிய உருவமாக மட்டும் நிற்கிறது. முகமும் இல்லை, பதக்கங்களும் இல்லை, உயர்ந்த வாள் மட்டும் தெரிகிறது. அதற்கு அப்பால், பனிக்குள்ளிருந்து நியொன் எழுத்துகளில் ‘ஹொட்டேல்’ என்ற ஒரு சொல் கசிந்து வருகிறது. சுடப்பட்ட தளபதி ஒருவன் நூற்றுச் சொச்ச ஆண்டுகள் கழித்து இரவில் தங்குவதற்கு அறை தேடி நிற்பதுபோல எனக்குப் பட்டது. அட்டையின் பின்பக்கத்தில் படமெடுத்தவரின் பெயராகப் பிரஸ்ஸாய் என்பதும் 1932 என்ற ஆண்டும் இருந்தன. அட்டையை வாங்கிக்கொண்டு நேரே அந்தச் சந்திக்குப் போய்ப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் சிலை வழக்கம்போலச் சும்மா நின்றது.

பிரஸ்ஸாய் என்பது அவருடைய பெற்றோர் வைத்த பெயரன்று. ஜூலா ஹலாஸ் என்பதுதான் இயற்பெயர். 1899 செப்டம்பர் 9இல், அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பகுதியாக இருந்த திரான்சில்வேனியாவின் பிரஷோ என்ற ஊரில் பிறந்தார். முதல் உலகப் போருக்குப் பின் அந்த ஊர் ருமேனியாவுக்குப் போனது; இன்று அதன் பெயர் பிரஷோவ். ‘பிரஸ்ஸாய்’ என்றால் பிரஷோக்காரன் என்று பொருள். யாழ்ப்பாணத்தான் என்று ஒருவர் புனைபெயர் வைத்துக்கொள்வதைப் போன்றதுதான். ஊரை விட்டு வந்தவர்தான் ஊரைப் பெயராக்கிக்கொள்வார் என்பது எங்களுக்குத் தெரியாத சங்கதியில்லை.

அவருடைய தந்தை பிரெஞ்சு இலக்கியம் கற்பித்த பேராசிரியர். மகன் சிறு பிள்ளையாக இருந்தபோது குடும்பத்தை ஓராண்டு பரிசுக்கு அழைத்து வந்து வைத்திருந்தார். பையன் பிற்பாடு புடாபெஸ்ட்டில் ஓவியம் படித்தார். போரில் பேரரசின் குதிரைப்படையில் இருந்தார். 1920இல் பெர்லினுக்குப் போய்ப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். 1924இல் பரிசுக்கு வந்து சேர்ந்தார். பிரெஞ்சை நாவலாசிரியர் புரூஸ்ட்டைப் படித்தே கற்றுக்கொண்டார் என்பார்கள். நான் அதே மொழியைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த ஒவ்வாமைப் பட்டியலைப் படித்துக் கற்றேன், ஆகவே எங்கள் இருவருடைய பிரெஞ்சும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

வியப்பான விடயம், அவருக்குத் தொடக்கத்தில் புகைப்படம் என்றாலே இளக்காரம். தன்னை ஓவியன் என்றும் எழுதுகிறவன் என்றும்தான் நினைத்திருந்தார். பத்திரிகைக் கட்டுரைகளுக்குப் படங்கள் தேவைப்பட்டபோது, தன்னைப் போலவே ஹங்கேரியிலிருந்து வந்திருந்த அந்திரே கெர்த்தேஸ் போன்றவர்களின் படங்களைப் பயன்படுத்தினார். 1920களின் இறுதியில் 13ஆம் வட்டாரத்தில், குளாசியேர் தெரு முனையிலிருந்த ஒரு மலிவான தங்கும் விடுதியில் அவர் குடியிருந்தார். மேம்பாலத்தில் ஓடும் மெற்றோ அந்தப் பக்கமாகத்தான் போகிறது. இரவில் வெளியே போய் விடியும்வரை நடப்பதும், விடிந்ததும் வந்து உறங்குவதும் அவருடைய வழக்கம். அந்த நடைகளில் கண்டவற்றை எப்படிச் சொல்வது என்று தேடியபோதுதான், தூரிகையாலும் பேனாவாலும் முடியாததைக் கமெரா செய்யக்கூடும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதாவது படம் எடுப்பதற்காக அவர் இரவில் நடக்கவில்லை. முதலில் நடை, பிறகுதான் படம். அவருடைய இரவுப் படங்களை மற்றவர்களுடையவற்றோடு வைத்துப் பார்க்கும்போது நான் காணும் வேறுபாட்டுக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இரவில் படம் எடுத்த முதல் ஆள் அவரல்லர். 1890களிலேயே லண்டனில் பால் மார்ட்டினும் நியூயோர்க்கில் ஆல்பிரட் ஸ்டீக்லிட்சும் தெருவிளக்குகளின் கீழ் கமெராவைத் தாங்கும் முக்காலியான ட்ரைபாடை ஊன்றிவிட்டார்கள். ஆனால் ஒரு நகரத்தின் இரவை முழுதாக, அதன் பாலம், சந்து, சந்தை, சாக்கடை, சிறைச்சுவர் என எல்லாவற்றோடும் ஒரே தொகுதியாகக் கொண்டுவந்தவர் பிரஸ்ஸாய். 1932ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் ‘இரவின் பரிஸ்’ என்று பொருள்படும் தலைப்போடு அவருடைய நூல் வந்தது. முன்னுரை எழுதியவர் எழுத்தாளர் போல் மொறான். அறுபதுக்குச் சற்று மேற்பட்ட படங்கள், ஓரத்தில் வெள்ளை விளிம்பே இல்லாமல் தாளின் நுனிவரை அச்சிடப்பட்டு, சுருள் கம்பியால் கட்டப்பட்டிருந்தன. அச்சு முறை ஒளிச்செதுக்கு முறை. அதில் கறுப்பு மை தாளின் மேல் கரியைத் தேய்த்து வைத்ததுபோல் அடர்த்தியாக இறங்கும். நூலகத்தில் அதன் பழைய பிரதியொன்றை மேசையில் வைத்துத் திறந்து பார்த்தேன். அட்டையைத் திறந்ததும் ஈரமான தெருக்கற்கள் மட்டும் தெரிகின்றன. நகரமும் வானமும் இல்லாமல் நேரே காலடியில் தொடங்குகிறது புத்தகம். விரலால் தொட்டால் ஈரம் ஒட்டும் போலிருந்தது. நூலகர் பார்த்துக்கொண்டிருந்ததால் தொடவில்லை.

அந்த அஞ்சலட்டையை வாங்கிய வாரமே, கையிலிருந்த ஒரு பழைய டிஜிற்றல் கமெராவையும் இரவல் வாங்கிய ட்ரைபாடையும் வேலைக்குக் கொண்டுபோகத் தொடங்கினேன். பேருந்து வர நாற்பது நிமிடம் இருக்கும் இரவுகளில் ஒப்சர்வத்துவார் அவெனியுவின் மரங்களுக்கடியில் நின்று எடுத்தேன். என் முதல் படங்கள் எல்லாமே நாசம். விளக்கு இருந்த இடத்தில் ஒரு வெள்ளை ஓட்டை. அதைச் சுற்றி நட்சத்திரக் கூர்முனைகள். மற்ற இடமெல்லாம் கன்னங்கரேல். வெளிச்சத்துக்கு அளந்தால் தெரு மறைந்தது. தெருவுக்கு அளந்தால் விளக்கு வெடித்தது. என்னோடு சமையலறையில் வேலை செய்யும் பெடியன் ஒருநாள் இரவு அருகில் வந்து நின்று பார்த்துவிட்டு, “அண்ணை, விளக்குக் கம்பத்தைப் படம் எடுக்கிறதுக்கோ இந்தக் குளிருக்குள்ள நிக்கிறியள்? எங்கட ஊரில இதவிட வடிவான கம்பம் எல்லாம் இருக்கு” என்றான். அவன் பகிடிக்குத்தான் சொன்னான். ஆனால் அந்தச் சொல்லில் என் பிழை இருந்தது. நான் உண்மையில் கம்பத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் பிரஸ்ஸாயின் படங்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். விளக்குகள் வெளிப்படையாகத் தெரியும் படங்களும் உண்டு. மொன்மார்த் படிக்கட்டுகளில் வரிசையாக இறங்கும் விளக்குகளை எடுத்தவர்தானே. ஆனாலும் திரும்பத் திரும்ப அவர் செய்வது ஒன்றுதான். விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு மரத்தையோ, தூணையோ, சுவர் முனையையோ, ஒரு மனிதனின் தொப்பியையோ கொண்டுவந்து விடுகிறார். விளக்கு ஒளிந்துகொள்கிறது, ஒளி மட்டும் வெளியே வருகிறது. மரத்தின் விளிம்பு சுடர்கிறது, பின்னாலிருக்கும் மதில் வெளிறுகிறது, நிழல் கமெராவை நோக்கி நீண்டு வருகிறது.

அவருக்கு இது வெறும் அழகு சார்ந்த முடிவாக மட்டும் இருந்திருக்க முடியாது. அவருடைய கமெரா ஃபோக்ட்லெண்டர் நிறுவனத்தின் பெர்க்ஹைல். ஆறரைக்கு ஒன்பது சென்ரிமீற்றர் அளவுள்ள கண்ணாடித் தட்டுகளில் பதிவாகும். தட்டின் ஒரு முகத்தில் ஒளியுணரும் பூச்சு இருக்கும். கடுமையான வெளிச்சம் விழுந்தால், அது பூச்சை ஊடுருவிக் கண்ணாடிக்குள் போய், பின்முகத்தில் பட்டுத் தெறித்து, மறுபடியும் பூச்சுக்குள் புகுந்து, விளக்கைச் சுற்றி ஒரு வெள்ளை வளையத்தைப் பதித்துவிடும். பின்முகத்தில் கறுப்புப் பூசிய தட்டுகள் இதைக் குறைக்கும், ஆனால் அடியோடு ஒழிக்காது. ஆக, விளக்கை மறைப்பது அவருக்குத் தொழில்நுட்பத் தேவை. அந்தத் தேவையையே அவர் பார்வையாக மாற்றிக்கொண்டார். குறை சொல்வதற்கு இடமிருந்த கருவியோடு மல்லுக்கட்டாமல், அதற்கு எது ஆகாதோ அதைப் படத்துக்கு வெளியே நிறுத்தினார்.

மழையையும் பனியையும் அவர் விரும்பியதற்கும் இதே காரணந்தான். 1933இல் இரவுப் படம் எடுக்கும் நுட்பத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், மூடுபனியும் மழையும் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான பகையைத் தணிக்கின்றன என்றும், ஈரத் தரை விளக்கொளியை வாங்கி நாலா பக்கமும் திருப்பி அனுப்புகிறது என்றும் அவர் விளக்கியிருக்கிறார். இதைப் படித்த பிறகு நான் வானிலை அறிக்கையை எதிர்ப்பக்கமாகப் பார்க்கத் தொடங்கினேன். நவம்பர் தூறல் விழுந்த ஓர் இரவில், அதே அவெனியுவில், கம்பத்தை ஒரு மரத்தின் அடிப்பகுதி சரியாக மறைக்கும்படி நாலடி இடப்புறம் தள்ளி நின்றேன். கமெராவின் ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸின் துவாரம் 8, ஒளியை உள்ளே விட்ட நேரம் இருபது விநாடி. திரையில் வந்ததைப் பார்த்தபோது, நடைபாதையின் சரளைக் கற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே எண்ணெய் தடவியதுபோல் மின்னின. மரத்தின் வலப்புற விளிம்பில் மட்டும் பட்டையின் வெடிப்புகள் தெரிந்தன. படத்தில் விளக்கு எங்கும் இல்லை. அது பெரிய படம் ஒன்றுமில்லை, ஆனால் முதல் தடவையாக இரவு அதில் இருந்தது.

நேரத்தை அவர் எப்படி அளந்தார் என்ற கதை பலருக்கும் தெரிந்திருக்கும். சிகரெட் பிடித்து அளந்தார். கொஞ்சம் வெளிச்சம் இருக்கும் இடமென்றால் ஒரு கோல்வாஸ் சிகரெட் எரிந்து முடியும்வரை, ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டரைத் திறந்து வைப்பார். இன்னும் இருட்டான இடமென்றால் அதைவிடத் தடிமனான பொயார் சிகரெட். கேட்கும்போது ஒரு கலைஞனின் குறும்பாகத் தோன்றும். ஆனால் இதிலும் கணக்கு இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் தட்டுகளும் படச்சுருளும் சோம்பேறியாகிவிடும்; கணக்குப்படி இரண்டு நிமிடம் போதுமென்றால் நடைமுறையில் நான்கோ ஐந்தோ தேவைப்படும். அந்த நிலையில் பத்து விநாடி முன்பின்னாகப் போவதால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆகவே சிகரெட் போதுமான கடிகாரமே. பனிக்காலத்து சேன்-ஜாக் பூல்வாரில் அவர் தன்னையே எடுத்துக்கொண்ட படம் ஒன்று உண்டு. தொப்பி, நீண்ட மேலங்கி, முன்னால் ட்ரைபாடில் கமெரா, வாயில் சிகரெட். கமெராவுக்குள் குனிந்து பார்க்கும் அந்த மனிதன் அசையாமல் நிற்கிறான். ஒரு சிகரெட்டு நேரம் தன்னையும் நகராமல் வைத்திருக்கத் தெரிந்தவனுக்குத்தான் இரவு வாய்க்கும் போலும்.

நான் புகைப்பதில்லை. என் கமெரா விநாடிகளைத் தானே எண்ணிக்கொள்கிறது. எடுத்த மறுகணமே படத்தைக் காட்டியும் விடுகிறது. பிழையென்றால் அழித்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம். அவரிடம் ஓர் இரவுக்கு இருபத்துச் சொச்சம் தட்டுகளே இருந்தன. கண்ணாடி என்பதால் சுமையும் அதிகம். அறைக்குத் திரும்பி, திரைச்சீலை கட்டி மறைத்த மூலையில் கழுவிப் பார்க்கும்வரை என்ன வந்திருக்கிறது என்று தெரியாது. எனக்கு வசதிகள் கூடியிருக்கின்றன என்பதில் மறுப்பில்லை. ஆனால் இரவொன்றில் 200 படங்கள் எடுத்து, மறுநாள் அவற்றுள் ஒன்றையும் திரும்பிப் பார்க்க மனமில்லாமல் போகும் அலுப்பு அவருக்கு வந்திருக்காது.

நீண்ட நேரம் திறந்திருக்கும் ஷட்டரால் இன்னொரு விளைவும் உண்டு. நடந்து போகிறவர்கள் படத்தில் பதிவாகாமல் கரைந்துவிடுகிறார்கள். நகரம் ஆளில்லாமல் ஆகிவிடுகிறது. கார்கள் வெறும் வெளிச்சக் கோடுகளாகின்றன. அப்படியானால் பிரஸ்ஸாயின் தெருக்களில் நிற்கும் மனிதர்கள் எப்படி வந்தார்கள்? நின்றார்கள், அல்லது நிற்கச் சொல்லப்பட்டார்கள். சுவரோரம் பதுங்கும் முரடர்கள், துப்பறியும் கதைக்கான காட்சிகள் போன்ற படங்கள் சிலவற்றில் அவருடைய நண்பர்களும் உதவியாளரும் நடித்திருக்கிறார்கள். இதை அறிந்தபோது சற்று ஏமாந்துதான் போனேன். பிறகு யோசித்தேன். ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டியிருக்கும்போது, உண்மையான முரடனும் நடித்தே ஆகவேண்டும். மதுக்கடைகளுக்குள் எடுத்த படங்களுக்கு அவர் மக்னீசியத் தூளைக் கொளுத்தினார். பெரும் ஓசையும் புகையுமாக வெடிக்கும் அந்தத் தூளுக்காகப் பிக்காசோ அவரைப் பயங்கரவாதி என்று கேலி செய்தார். அந்த வெடிக்குப் பிறகும் இயல்பாக முத்தமிட்டுக்கொண்டிருந்த காதலர்கள் எவ்வளவு இயல்பானவர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தப் படங்களைவிட, ஆளே இல்லாத தெருப் படங்கள்தான் பிடிக்கும். இது என் ரசனைக் குறைவாகவும் இருக்கலாம்.

அந்தப் பாதாள உலகப் படங்களில் பலவற்றை 1932இல் வெளியிட முடியவில்லை. விபசார விடுதிகளும் அபின் புகைக்கும் அறைகளும் 1976இல் வந்த இன்னொரு நூலுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நூலில்தான் அவர் நோத்ர-தாம் தேவாலயக் கோபுரத்தில் இரவில் ஏறிய கதையைச் சொல்கிறார். காவல் இருந்த வயதான அம்மாவின் கையில் பணத்தை வைத்துச் சம்மதம் வாங்கி, விளக்கேதும் கொளுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு, சுருள் படிகளில் இருட்டில் தடவித் தடவி ஏறியிருக்கிறார். மேலே கல் அரக்கர்கள் நகரத்தைப் பார்த்தபடி முழங்கையூன்றி இருக்கிறார்கள். கீழே பரிஸ் வெளிச்சப் புள்ளிகளாகக் கிடக்கிறது. இருட்டில் ஏறினால்தான் அந்த வெளிச்சத்தின் அளவு தெரிந்திருக்கும்.

காவலர்கள் விடயத்துக்கு வருகிறேன். அதிகாலை மூன்று மணிக்குக் கால்வாய் ஓரத்தில் முக்காலிக் கம்பத்தோடு நிற்கும் ஒரு வெளிநாட்டான் படம் எடுக்கிறான் என்பதைப் பொலிசார் நம்பவில்லை. பிணத்தைத் தண்ணீரில் தள்ளத்தான் வந்திருக்கிறானோ என்று சந்தேகித்திருக்கிறார்கள், நிலையத்துக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். அதன் பிறகு அவர் தன் இரவுப் படங்கள் சிலவற்றைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். கேட்டால் எடுத்துக் காட்டுவார்: இதோ பாருங்கள், இருட்டிலும் படம் வரும். இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வதிவிட அட்டை கிடைக்காதிருந்த என் முதல் மூன்று வருடங்களில், இரவில் தெருவில் ஓரிடத்தில் நிற்பதை நான் கவனமாகத் தவிர்த்தேன். நடந்துகொண்டிருப்பவன் வேலைக்குப் போகிறவன், நிற்கிறவன் எதற்காகவோ நிற்கிறான் என்பது எங்கள் அறையிலிருந்த மூத்தவர்கள் சொல்லித் தந்த பாடம். இந்த நகரத்தின் இரவை அந்த மூன்று வருடங்களும் நான் நடந்தபடி மட்டுமே பார்த்தேன். இருபது விநாடி ஓரிடத்தில் நிற்பதற்கு எனக்கு ஓர் அட்டை தேவைப்பட்டது. அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது 1949இல். வந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு. இந்த நகரத்தை உலகத்துக்கே காட்டிய படங்களில் பெரும்பாலானவற்றை அவர் அதற்கு முன்னரே எடுத்துவிட்டார்.

போர் வந்து, 1940இல் ஜெர்மானியர்கள் பரிசுக்குள் நுழைந்தபோது தெருவிளக்குகளும் போயின. அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே படம் எடுக்க முடியாது. ஆகவே அந்த ஆண்டுகளில் அவர் ஓவியம் வரைந்தார், பிக்காசோவின் சிற்பங்களை அவருடைய பட்டறைக்குள்ளேயே படமெடுத்தார். இரவுப் படக்காரனிடமிருந்து இரவைப் பிடுங்க வேண்டுமென்றால் விளக்கைப் பிடுங்கினால் போதும்.

இன்றைய பரிசின் வெளிச்சம் அவர் கண்ட வெளிச்சமன்று. அவர் காலத்தில் சந்துகளில் எரிவாயு விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. பெரிய சதுக்கங்களில் மின்விளக்கு வந்துவிட்டிருந்தது. ஐஃபல் கோபுரத்தின் உடம்பிலே 1925 முதல் 1934 வரை சித்ரோயென் கார் நிறுவனத்தின் பெயர் இரண்டரை இலட்சம் பல்புகளில் எரிந்தது. எரிவாயுவின் மெல்லிய ஒளியும் மின்சாரத்தின் கூரிய ஒளியும் ஒரே தெருவில் கலந்திருந்ததைக் கறுப்பு வெள்ளையிலும் பிரித்தறிய முடிகிறது. நான் வந்தபோது இருந்த ஆரஞ்சு நிறச் சோடியம் விளக்குகள் இப்போது ஒவ்வொன்றாக எல்ஈடியாக மாறி வருகின்றன. சோடியம் வெளிச்சத்தில் எல்லா முகங்களுக்கும் மஞ்சள் காமாலை பிடித்திருக்கும். ஆனால் அதன் விளிம்பு மெதுவாக இருட்டில் கலக்கும். எல்ஈடி வெளிச்சமோ கத்தியால் வெட்டியதுபோல் முடிகிறது. கம்பத்தை மரத்துக்குப் பின்னால் மறைத்தாலும், மரத்தின் விளிம்பு சுடர்வதற்குப் பதிலாகச் சுடுகிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கித்தான் நான் தப்பித்துக்கொள்கிறேன்.

கட்டடங்களின் முகப்பு விளக்குகளை அதிகாலை ஒரு மணிக்குள்ளும், அலுவலக விளக்குகளை ஆட்கள் போய் ஒரு மணி நேரத்துக்குள்ளும் அணைத்துவிட வேண்டும் என்ற விதி 2013 யூலை முதல் இருக்கிறது. 2022 இலையுதிர்காலத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக ஐஃபல் கோபுரத்தையே இரவு 11.45க்கு அணைத்தார்கள். பலர் கவலைப்பட்டார்கள், நான் மகிழ்ந்தேன். நான் வேலை முடிந்து வெளியே வரும் நேரத்தில் நகரம் தன் அலங்காரங்களைக் கழற்றி வைத்துவிட்டு, தெருவுக்குத் தேவையான விளக்குகளை மட்டும் விட்டிருக்கிறது. பிரஸ்ஸாயின் பரிசுக்குக் கிட்டத்தட்ட அந்த நேரத்தில்தான் போக முடியும்.

அவர் எடுத்த தெருப் படங்களில் எனக்கு மிக நெருக்கமானது ஒரு சாக்கடைப் படம். நடைபாதை ஓரமாக, கல் பாவிய தரையில், தெரு கழுவிய தண்ணீர் வளைந்து வளைந்து ஓடுகிறது. மேலேயிருந்து எடுத்திருக்கிறார். கற்கள் ஒவ்வொன்றும் செதில் செதிலாக இருக்கின்றன. நடுவில் தண்ணீர் ஒரு பாம்பைப் போல மினுமினுத்து நெளிகிறது. அவ்வளவுதான் படம். கோபுரமும் பாலமும் வைத்திருக்கும் ஒரு நகரத்தில் ஒருவன் குனிந்து இதைப் பார்த்திருக்கிறான். எங்கள் உணவகத்தின் பின்கதவைத் திறந்து நான் தினமும் வாளித் தண்ணீரை ஊற்றும் சந்திலும் இதே தண்ணீர் இதேபோலத்தான் ஓடுகிறது. கற்கள்தான் இல்லை, தார் போட்டுவிட்டார்கள்.

போன மாதம் வேலை முடிந்த ஓர் இரவில், பேருந்தைத் தவறவிட்டு, மொன்பர்னாஸ் பக்கமாக நடந்தேன். அங்கே எமில்-றிஷார் என்றொரு தெரு இருக்கிறது. மொன்பர்னாஸ் இடுகாட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும் தெரு. இருபுறமும் இடுகாட்டு மதில், வீடு ஒன்றும் கிடையாது. பிரஸ்ஸாய் 1930களின் தொடக்கத்தில் இந்தத் தெருவில் ஒரு தொழிலாளியைப் படமெடுத்திருக்கிறார். நீண்ட கோலைத் தலைக்கு மேலே உயர்த்தி, விடியும் நேரத்தில் எரிவாயு விளக்கை அணைத்துக்கொண்டிருக்கும் ஆள். அந்த வேலை இப்போது இல்லை. படமெடுத்தவர் 1984 யூலையில், பிரான்சின் தெற்குக் கரையில் காலமானார். கொண்டுவந்து அடக்கம் செய்தது இந்த மொன்பர்னாஸ் இடுகாட்டில்தான்.

வாயில் பூட்டியிருந்ததால் கல்லறையைத் தேடிப் போக வழியில்லை. மழை நின்று சிறிது நேரமே ஆகியிருந்தது. ட்ரைபாடை விரித்து, கம்பம் ஒரு மரத்துக்குப் பின்னால் போகும்வரை இரண்டடி வலப்புறம் நகர்ந்து, ஷட்டரை அழுத்திவிட்டு எண்ணினேன். பன்னிரண்டாவது விநாடியில் ஒரு சைக்கிள்காரர், முன்விளக்கு எரிய, என்னைக் கடந்து போனார். படத்தில் அவர் இல்லை. மதிலோரமாக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் இருக்கிறது. அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.